மேற்கோள் கணக்குக்குள் அடங்காத சி. ஆர். ராவ்

கல்கத்தா கணிதச் சங்க இதழின் 37-ஆம் தொகுதியில், 81-ஆம் பக்கத்தில் தொடங்கி 91-ஆம் பக்கத்தில் முடியும் கட்டுரை ஒன்று 1945-இல் வெளிவந்தது. எழுதியவர் கல்யாம்புடி ராதாகிருஷ்ண ராவ் என்ற 25 வயது இளைஞர். அப்போது அவரிடம் முனைவர் பட்டம் கிடையாது. இதழுக்கு வங்கத்துக்கு வெளியே வாசகர்கள் அதிகமில்லை; உலகப்போர் வேறு. 2023 ஏப்ரலில் சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அதன் அறிவிப்பு முதன்மையாகச் சுட்டிக்காட்டியது அந்தப் பதினொரு பக்கக் கட்டுரையைத்தான். ராவுக்கு அப்போது 102 வயது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று அவர் காலமானார்.

கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே 78 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ராவின் பெயர் பொறியியலுக்குள் போயிற்று. பொருளியல், மானுடவியல், தொழிற்சாலைத் தர மேலாண்மை, காட்டுச் சூழலியல், ரோபோ என்று போய்க்கொண்டே இருந்தது. ஆனால் போன இடங்களிலெல்லாம் அவருடைய கட்டுரைகள் உடன் போகவில்லை. ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை மேற்கோள் எண்ணிக்கையால் அளந்துவிடலாம் என்ற இன்றைய நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை கிடைப்பது அரிது.

ராவ் பிறந்தது 1920-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இருந்த ஹடகலியில். தெலுங்குக் குடும்பம், தந்தை காவல் துறை ஆய்வாளர். வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்தார். வேலை தேடிக் கல்கத்தா போனார். தேடிய வேலை கிடைக்கவில்லை. புள்ளியியலாளர் மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1941 தொடக்கத்தில் சேர்ந்தார். வங்கத்தின் சணல் விளைச்சலை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட மகலனோபிஸ் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. புள்ளியியல் அங்கே கரும்பலகையோடு நிற்கவில்லை, வயலில் இறங்கி நடந்தது.

1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ராவ் முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மாதிரியின் அளவு மிகப் பெரிதாகும்போது கணிப்பின் துல்லியம் எந்த எல்லையை எட்டும் என்று பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் கண்டதை விளக்கினார். வி. எம். தாண்டேகர் என்ற மாணவர் எழுந்து, சிறிய மாதிரிக்கு இது பொருந்தாதா என்று கேட்டார். ராவிடம் பதில் இல்லை. அன்றிரவு உட்கார்ந்து நிரூபணத்தைக் கண்டுபிடித்தார். மறுநாள் வகுப்பில் எழுதிக் காட்டினார். கேள்வி கேட்ட தாண்டேகர் பிற்காலத்தில் நீலகண்ட ராத்துடன் சேர்ந்து இந்திய வறுமை பற்றிய ஆய்வால் புகழ்பெற்ற பொருளியலாளர் ஆனார். அவருடைய கேள்விக்கு எந்த மேற்கோள் பட்டியலிலும் இடமில்லை.

அந்த இரவில் பிறந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாதிரியைக் கொண்டு முழுமையைக் கணிக்கும்போது பிழை இருந்தே தீரும். எவ்வளவு சாமர்த்தியமான சூத்திரத்தைக் கையாண்டாலும், ஒரு பக்கமாகச் சாயாத கணிப்பின் பிழை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க முடியாது. அந்த அளவு எது என்பதைத் தரவுக்குள் பொதிந்திருக்கும் தகவலின் அளவே தீர்மானிக்கிறது. ஸ்வீடனில் ஹரால்ட் கிராமேரும் தனியாக இதே முடிவுக்கு வந்து, போர் முடிந்த கையோடு வெளியான தன் நூலில் எழுதினார். சில ஆண்டுகளில் ‘கிராமேர்–ராவ் எல்லை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கட்டுரையில் இருந்தது இது மட்டுமல்ல. இரண்டாவது முடிவை ஒரு நாணயத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நாணயத்தை நூறு முறை சுண்டுகிறோம். தலை விழும் வாய்ப்பைக் கணிக்க ஒருவர் முதல் சுண்டலை மட்டும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மோசமான கணிப்பு. ஆனால் தலை மொத்தம் எத்தனை முறை விழுந்தது என்பதில்தான் தகவல் முழுவதும் இருக்கிறது. எந்த வரிசையில் விழுந்தது என்பதில் ஒன்றுமில்லை. ஆகவே அந்த மோசமான கணிப்பை எல்லா வரிசைகளுக்கும் சராசரி எடுத்தால், மொத்தத் தலைகளை நூறால் வகுத்த நல்ல கணிப்பு கையில் கிடைக்கிறது. இப்படிச் செய்தால் எந்தக் கணிப்பும் மேம்படும், அல்லது இருந்தபடியே இருக்கும்; கெடாது. 1947-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டேவிட் பிளாக்வெல் இதையே கண்டார். அதனால் இது ராவ்–பிளாக்வெல் தேற்றம்.

மூன்றாவது, அந்த நாளில் பெரும்பாலோர் கண்ணில் படாத ஒன்று. இரண்டு நிகழ்தகவுப் பரவல்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? வளைந்த பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை வடிவியல் அளப்பதுபோல இதையும் அளக்கலாம் என்றார் ராவ். இந்த விதை நெடுங்காலம் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. 1980களில் ஜப்பானில் சுன்-இச்சி அமாரி இதைத் தகவல் வடிவியல் என்ற தனித்துறையாக வளர்த்தார். 1998-இல் நரம்பு வலையமைப்புகளைப் பயிற்றுவிக்க இந்த வடிவியலைப் பயன்படுத்தும் ஒரு முறையையும் தந்தார்.

முதல் முடிவுக்கு வருவோம். ரேடாரில் எதிரொலி வந்த திசையைக் கணிக்கும் பொறியாளர் தன் கணக்கு முறையின் பிழையை வரைபடத்தில் ஒரு கோடாக வரைவார். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருக்கும். அதுதான் கிராமேர்–ராவ் எல்லை. தன் கோடு அந்தக் கோட்டை எவ்வளவு நெருங்குகிறது என்று காட்டினால் போதும், முறையின் தரம் விளங்கிவிடும். ஜி.பி.எஸ். இருப்பிடக் கணிப்பிலும் எம்.ஆர்.ஐ. படிம ஆய்விலும் இதே வழக்கம். 1967-இல் கார்ல் ஹெல்ஸ்ட்ராம் இதைக் குவாண்டம் இயற்பியலுக்கும் விரித்தார். இந்தத் துறைகளில் ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகளில் ‘சி.ஆர்.எல்.பி.’ (கிராமேர்–ராவ் கீழ் எல்லை) என்ற சுருக்கெழுத்து சரளமாகப் புழங்குகிறது. அவற்றில் 1945 கட்டுரையை அடிக்குறிப்பில் சொல்பவை சொற்பம். சொல்ல நேர்ந்தால் ஒரு பாடநூலைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதில் யார்மீதும் குறை காண முடியாது. முக்கோணத்தின் பக்கத்தைக் கணக்கிடும் பொறியாளர் பித்தாகரஸை அடிக்குறிப்பில் போடுவதில்லை. ஒரு கருத்து எல்லோருடைய பொதுச்சொத்தாகும்போது அதன் மூலம் மறைந்துபோகிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொன்னார்: உள்வாங்கப்படுவதாலேயே அழிவது. மேற்கோள் எண்ணிக்கை இந்த இடத்தில் தலைகீழாக வேலை செய்கிறது. ஓரளவு வெற்றி பெற்ற கட்டுரைக்கு மேற்கோள் கூடிக்கொண்டே போகும். முழு வெற்றி பெற்றுவிட்டால் நின்றுவிடும்.

பெயரும் நம்பத்தக்கதல்ல. ராவுக்கும் கிராமேருக்கும் முன்பே, 1943-இல், பிரான்ஸில் மோரிஸ் ஃபிரெஷே இந்த எல்லையைக் கண்டிருந்தார். ஜார்ஜ் டார்மோயின் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. எந்த அறிவியல் கண்டுபிடிப்பும் அதை முதலில் கண்டவர் பெயரால் வழங்குவதில்லை என்று 1980-இல் ஒரு ‘விதி’யை அறிவித்தவர் ஸ்டீபன் ஸ்டிக்லர். அவரும் புள்ளியியலாளரே. அந்த விதியையும் தனக்கு முன் மெர்ட்டன் சொல்லிவிட்டார் என்று அவரே எழுதி, விதிக்குத் தன்னையே சான்றாக்கிக் கொண்டார்.

ராவுக்கே இதில் ஓர் அனுபவம் உண்டு. இரண்டாவது தேற்றத்தைப் பிளாக்வெல்லுக்கு மட்டும் உரியதாகப் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி எழுதியிருந்தார். நான்தான் முதலில் கண்டேன் என்று ராவ் கடிதம் போட்டார். உங்கள் கட்டுரையில் அது இருப்பது உண்மைதான், ஆனால் முன்னுரையில் நீங்கள் அதைக் குறிப்பிடவில்லையே, அப்படியானால் அதன் முக்கியத்துவம் உங்களுக்கே தெரியவில்லை என்றுதானே பொருள் என்று லிண்ட்லி பதில் எழுதினார். அது என் முதல் முழுநீளக் கட்டுரை. முன்னுரை என்பது மீதியைப் படிக்க விரும்பாதவர்களின் வசதிக்காக எழுதப்படுவது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று என்றார் ராவ். பிற்காலப் பேட்டி ஒன்றில் அவரே சிரித்தபடி சொன்ன கதை இது. ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தையும் முன்னுரையையும் மட்டும் மேய்ந்துவிட்டு மேற்கோள் காட்டும் இன்றைய வழக்கத்துக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

மேற்கோள்களை எண்ணும் தொழில் எப்படி வந்தது? அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதல் ஷெப்பர்ட் என்பவர் தொடங்கிய அட்டவணை ஒன்று இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். இதையே அறிவியலுக்கும் செய்தால் என்ன என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அவருடைய ஃபிலடெல்ஃபியா நிறுவனம் 1960களின் முற்பகுதியில் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் ஐ.எஸ்.ஐ.; ராவ் வேலை பார்த்த கல்கத்தா நிறுவனத்தின் சுருக்கமும் அதுவே. தற்செயல்தான்.

கார்ஃபீல்டின் முதல் நோக்கம் தேடல். ஒரு கட்டுரையிலிருந்து அதன் வழித்தோன்றல்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி. ஆள்களுக்கு மதிப்பெண் போடும் கருவியாக அது மாறியது பிற்பாடு. 1975-இல், ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைக் காட்டும் தாக்கக் காரணிப் பட்டியல்கள் முறையாக வெளிவரத் தொடங்கின. 2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ், எச்-குறியீட்டை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் இருபதுக்குத் தலா இருபது மேற்கோளாவது இருந்தால் அவருடைய குறியீடு 20. எளிமையானது, அதனாலேயே தீயாகப் பரவியது. பத்தாயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் இருபத்தொரு மேற்கோள் பெற்ற கட்டுரையும் இந்தக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று சமம். ஹிர்ஷ் தன் கட்டுரையிலேயே துறைக்குத் துறை எண் மாறும் என்று காட்டியிருந்தார்: இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரறிவியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. இதை வைத்து ஸ்னைடர் விட்டனைவிட மேலானவர் என்று அறிவுள்ள யாரும் சொல்லமாட்டார்கள். துறை கடந்து உழைத்தவரை இந்தக் கணக்கில் எந்த நிரலில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

ராவின் வழி அப்படிப்பட்டது. 1946-இல் மகலனோபிஸ் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். சூடானின் ஜெபல் மோயாவில் முதல் உலகப்போருக்கு முன் மருந்து நிறுவன அதிபர் ஹென்றி வெல்கம் தோண்டி எடுத்த எலும்புகள் அங்கே கிடந்தன. அந்தப் பண்டைய மக்கள் எந்த இனக்குழுக்களுக்கு நெருக்கமானவர்கள் என்று அளவுகளை வைத்துச் சொல்லவேண்டும். பகலில் மண்டையோட்டு அளவுகள். அதோடு ஃபிஷரின் ஆய்வகத்தில் எலிகளை வளர்த்து, குரோமோசோம்களில் மரபணுக்கள் அமைந்த இடங்களைக் கண்டறியும் வேலை. 1948-இல் ஃபிஷரின் வழிகாட்டலில் முனைவர் பட்டம். ஆய்வேடு உயிரியல் வகைப்பாட்டில் எழும் புள்ளியியல் சிக்கல்கள் பற்றியது. ஜெபல் மோயா பற்றிய நூல், மூவர் சேர்ந்து எழுதியது, 1955-இல் வந்தது. பல அளவுகளை ஒருசேரக் கையாளும் பன்மாறிப் பகுப்பாய்வு இன்று கணினியில் சொடுக்கும் நேரத்தில் முடிகிறது. அதன் அடிப்படைகள் சில இப்படி எலும்புகளோடும் கையால் சுழற்றும் கணக்குப் பொறியோடும் மல்லுக்கட்டி உருவானவை.

அதே 1948-இல் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்க இதழில் ராவ் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். ஒரு கருதுகோளைச் சோதிக்க அதுவரை இருந்த பெரிய வழிகள் இரண்டு. ஒன்று நிகழ்திறன் விகிதம், மற்றொன்று ஆபிரகாம் வால்டு 1943-இல் தந்தது. ராவின் வழி மூன்றாவது. எளிய மாதிரியுருவை (மாடலை) மட்டும் கணக்கிட்டாலே போதும், சிக்கலான மாதிரியுரு தேவையா இல்லையா என்று சொல்லிவிடலாம். கணினி இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய வரம்! ஆனால் பெயர் வேறு வழியில் போயிற்று. 1959-இல் எஸ். டி. சில்வே வேறொரு பாதையில் இதே சோதனையை அடைந்து லெக்ராஞ்சு பெருக்கிச் சோதனை என்று பெயரிட்டார். பொருளியலாளர்களுக்கு லெக்ராஞ்சு பெருக்கி பழகிய கருவி. அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். ட்ரெவர் புரூஷும் ஏட்ரியன் பேகனும் 1979, 1980 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் பொருளாதார அளவியலின் அன்றாடக் கருவிகளாயின. இன்று அத்துறை மாணவர் மென்பொருளில் ‘எல்.எம்.’ சோதனையை ஓட்டி, புரூஷ்–பேகன் என்று அடிக்குறிப்பு போடுகிறார். மேற்கோள்கள் முறைப்படி அவர்களுக்குப் போகின்றன. அடியில் ஓடுவது ராவின் 1948.

தொழிற்சாலைக் கதை இன்னும் சுவையானது. ஒரு பொருளின் தரத்தை ஏழு காரணிகள் தீர்மானிக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள் என்றால், எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க 128 முறை இயந்திரத்தை ஓட்டவேண்டும். தகுந்த எட்டுச் சேர்க்கைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஏழு காரணிகளின் தனித்தனி விளைவையும் பிரித்தறிந்துவிடலாம். இப்படித் தேர்ந்தெடுக்க உதவும் செங்குத்து அணிகளின் பொதுக் கோட்பாட்டை ராவ் 1946, 1947 ஆண்டுக் கட்டுரைகளில் அமைத்தார். ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சி 1954–55-இல் கல்கத்தாக் கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்திருந்தார். செங்குத்து அணிகள் அவருடைய தர மேம்பாட்டு முறைகளின் முதுகெலும்பாயின. 1980களில் அமெரிக்கக் கார் நிறுவனங்களும் பெல் ஆய்வகமும் இவற்றை ஜப்பானிடமிருந்து கற்றுக்கொண்டபோது அவற்றின் பெயர் ‘தகுச்சி முறைகள்’. எட்டு ஓட்ட அட்டவணையை எல்-8 என்று இன்றும் பொறியியல் கல்லூரிகளில் மனப்பாடமாகச் சொல்வார்கள். நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு அது கல்கத்தா வழி ஜப்பான் போய் வந்தது என்று தெரியும்?

தகுச்சியைத் திருடர் என்று சொல்ல வரவில்லை. அணிகளை ஆலைத் தளத்துக்குக் கொண்டுபோய், கணிதம் அறியாத மேற்பார்வையாளரும் கையாளும்படி அட்டவணையாக்கியது அவருடைய உழைப்பு. கருத்தைக் கண்டவரும் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் வேறுவேறு ஆட்களாக இருக்கலாம். மேற்கோள் பெரும்பாலும் இரண்டாமவருக்குத்தான் சேரும் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

இதற்கு நேர்மாறான கதையும் ராவின் பட்டியலில் இருக்கிறது. 1982-இல், தன் அறுபதுகளில், கோட்பாட்டு மக்கள்தொகை உயிரியல் இதழ் ஒன்றில் பன்மையை அளப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எண்ணினால் போதாது. வகைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதும் கணக்கில் வரவேண்டும். பத்து வகைப் புற்கள் இருக்கும் இடமும், புல், பனை, ஆல் என்று மூன்றே வகைகள் இருக்கும் இடமும் ஒன்றல்லவே. இந்த வேறுபாட்டையும் சேர்த்து அளக்கும் சூத்திரத்தை ராவ் தந்தார். சூழலியலாளர்கள் இருபது ஆண்டுகள் இதை அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. உயிரினங்களின் பண்பு வேறுபாடுகளை அளக்கும் செயல்சார் பன்மை என்ற கருத்து வேரூன்றியபோது, 2005-இல் ஹங்கேரியின் சோல்டான் போட்டா-டுகாட் இச்சூத்திரத்தைத் தாவரக் கூட்டங்களுக்குப் பொருத்திக் காட்டினார். பிறகு மடை திறந்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் நிலப்பரப்பின் பன்மையை அளப்பவர்கள்கூட இன்று ‘ராவின் கியூ’ என்கிறார்கள். மேற்கோள் ஆயிரத்தைக் கடந்து ஓடுகிறது. மூலக் கட்டுரையும் நேரடியாகவே சுட்டப்படுகிறது. நெடுங்காலம் உறங்கிப் பின் விழித்த இப்படிப்பட்ட கட்டுரைகளைத் ‘தூங்கும் அழகிகள்’ என்று ஆண்டனி வான் ரான் 2004-இல் அழைத்தார். ஐந்தாண்டு மேற்கோளைப் பார்த்து மதிப்பிடும் எந்தக் குழுவும் 1987-இல் இந்தக் கட்டுரையைத் தோல்வி என்றே எழுதியிருக்கும்.

ரோபோ கதையும் இதே ரகம்தான், ஆனால் மூலம் இன்னும் பழையது. அறிமுகமில்லாத கட்டடத்துக்குள் நகரும் இயந்திரம், தான் எங்கே நிற்கிறோம் என்பதையும் அறையின் வரைபடத்தையும் ஒரே நேரத்தில் கணிக்கவேண்டும். ஆயிரக்கணக்கான ஊகங்களைப் போட்டுப் பார்க்கும் இந்தக் கணக்கில், ஒரு பகுதியை ஊகிக்காமல் சூத்திரத்தாலேயே தீர்த்துக்கொண்டால் பிழையும் குறையும், நேரமும் மிச்சம். நாணய எடுத்துக்காட்டில் பார்த்த அதே தந்திரம். 2000-ஐ ஒட்டி ஆர்னோ டூசே முதலியோர் இதற்கு ராவ்–பிளாக்வெல் துகள் வடிகட்டி என்று பெயர் வைத்தார்கள்.

ராவின் வெளியீடுகளை மேற்கோள் வரிசையில் அடுக்கினால் முதலில் நிற்பது 1945 கட்டுரை அல்ல. 1965-இல் வெளியான, நேரியல் புள்ளியியல் உய்த்துணர்வு பற்றிய பாடநூல்தான். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது, மேற்கோள் ஆயிரக்கணக்கில். முன்பு சொன்ன ‘மறைந்துபோன’ மேற்கோள்களில் கணிசமானவை இங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன: தேற்றத்தைச் சொல்லும்போது பாடநூலைச் சுட்டுவது எல்லோருக்கும் வசதி. ஆனால் இதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணும் கணக்குகளில் நூல்கள் விடுபட்டுப்போகும். ராவ் எழுதிய 14 நூல்களும் அந்த நிமிடமே காற்றில் கரைந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார். சர்வதேசப் புள்ளியியல் பரிசை 2017-இல் முதன்முதலாகப் பெற்றவர் டேவிட் காக்ஸ். நோயாளிகள் எவ்வளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்பதைப் பகுப்பாய்வு செய்யும் அவருடைய 1972 கட்டுரை, ‘நேச்சர்’ இதழ் 2014-இல் வெளியிட்ட, எல்லா அறிவியலிலும் அதிகம் சுட்டப்பட்ட நூறு கட்டுரைகளின் பட்டியலில் 24-ஆம் இடத்தில் இருந்தது. அதே வேலைக்கான கப்லான்–மேயர் கட்டுரை 11-ஆம் இடம். முதலிடம் கரைசலில் புரதத்தின் அளவைக் கண்டறியும் 1951-ஆம் ஆண்டுச் செய்முறைக்கு. மேற்கோள்கள் மூன்று லட்சத்துக்கு மேல். டி.என்.ஏ. இரட்டைச் சுருளைச் சொன்ன 1953 கட்டுரைக்கு நூறுக்குள் இடமே இல்லை. காக்ஸும் ராவும் ஒரே தரத்து மேதைகள் என்பதில் புள்ளியியலாளர்களுக்கு ஐயமில்லை. காக்ஸின் கருவியைக் கையாள்பவர்கள் மருத்துவர்கள். மருத்துவ இதழ்கள் கையாண்ட முறைக்கு அடிக்குறிப்பு கேட்கும், மருத்துவ இதழ்களோ எண்ணற்றவை. ராவின் தேற்றத்தை அறிந்தவர்கள் அதைப் பாடத்தில் படித்தவர்கள். படித்ததற்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை. எண்ணிக்கையில் தெரியும் இந்த வேறுபாடு, வாடிக்கையாளர்களின் பழக்கத்தில் உள்ள வேறுபாடு.

எந்தக் கணக்கிலும் வராத ஒரு கணக்கு மாணவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, ஆலைகளுக்கு உதவும் தொழில்சார் புள்ளியியல் கற்கும் எண்ணத்தோடு கல்கத்தா போன எஸ். ஆர். சீனிவாச வரதன், நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் திரும்பி ராவிடம் முனைவர் பட்டம் பெற்றார். 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். குவாண்டம் நிகழ்தகவில் பெயர்பெற்ற கே. ஆர். பார்த்தசாரதியும் சென்னையில் பிறந்து அதே ராவிடம் ஆய்வு செய்தவர். வரதனின் ஆய்வேட்டில் இருந்த கணிதம் ராவின் சொந்தத் துறையே அல்ல. மாணவர்களைத் தம் போக்கில் போகவிட்ட ஆசிரியர் என்பதற்கு அதுவே சாட்சி. வழிகாட்டியின் பெயரைத் தன் கட்டுரைகளிலெல்லாம் கட்டாயமாகச் சேர்க்கவேண்டிய இன்றைய ஆய்வு மாணவருக்கு இது கற்பனைக் கதைபோல் தோன்றும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியர்களின் வெளியீடுகளுக்குப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தன. அதற்குப் பின் வெளியிடுவதே ஒரு தொழிலாகி, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இந்தியாவெங்கும் பெருகின. 2019 முதல் ஜான் அயோனிடிஸ் குழு மேற்கோள்களை வைத்து வெளியிடும் ‘முதல் இரண்டு சதவீத அறிவியலாளர்’ பட்டியல் வந்தால் கல்லூரி வாசலில் பிளெக்ஸ் பேனர் எழுகிறது. அந்தப் பட்டியல் ஒவ்வொருவரையும் ஒரு முதன்மைத் துறைக்குள் வைத்தே வரிசைப்படுத்துகிறது. எலும்பு, எலி, ஆலை, காடு என்று நடந்த ராவைப் போன்றவர் எந்தத் துறையில் வைக்கப்பட்டாலும் மீதி வெட்டுப்பட்டுப்போகும். 1945-இல் கல்கத்தா கணிதச் சங்க இதழில் எழுதியதற்கு இன்றைய புள்ளிமுறை என்ன தரும் என்று கேட்டால், உள்ளூர்ச் சங்க இதழ் என்று ஒதுக்கி மிகக் குறைவாகத்தான் தரக்கூடும்.

எண்களைத் தூக்கி எறியச் சொல்வதும் விவேகமல்ல. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் முன்னால் கிடக்கும்போது முதல் சல்லடையாக ஒரு எண் உதவும்; சிபாரிசுக் கடிதமும் சாதியும் தீர்மானித்த காலத்தைவிட எண் நேர்மையானது என்று வாதிடுவோர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் சலித்த பிறகு மிஞ்சும் பத்துப் பேரிடையே தேர்வு செய்யும் வேலையை எச்-குறியீட்டிடம் ஒப்படைப்பது குழுவின் சோம்பல். இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் கேட்டுக்கொண்டது. நிபுணர்களின் மதிப்பீட்டுக்கு எண் துணையாக நிற்கலாம், மாற்றாக அல்ல என்று 2015-இல் லெய்டன் அறிக்கை சொன்னது. இரண்டும் சட்டமல்ல, வேண்டுகோள்தான்.

தமிழகப் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் குழுக்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. விண்ணப்பதாரர் தன் சிறந்த படைப்புகளாகக் கருதும் மூன்று கட்டுரைகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். குழுவில் இருவராவது அவற்றை முன்னுரையோடு நிறுத்தாமல் முழுவதும் படித்துவிட்டு நேர்காணலுக்கு வாருங்கள். நேர்காணலில் எண்ணைப் பற்றிப் பேசாமல் கட்டுரையைப் பற்றிக் கேளுங்கள்.